வெடிக்காய்ச் செடிக்குக் குடை பிடித்தவர்

எங்கள் தெருவில் அவரைத் திட்டாதவர்கள் யாருமில்லை. நானும் திட்டியிருக்கிறேன், வாய் வலிக்க வலிக்கத் திட்டியிருக்கிறேன். தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை அவருக்கு. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு விடிந்தும் விடியாததுமாக வருவார். தெருமுனையில் குழிக்குள் இருக்கிற வால்வில் சாவியைப் பொருத்தி, செக்குமாடு மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்து திருகுவார். முதலில் குழாய்களில் காற்று உறுமும். பிறகுதான் தண்ணீர். கொஞ்சம் பிந்தினால் போதும், "என்ன, படுத்துத் தூங்கிட்டீங்களா?" என்று ஒரு ஜன்னல் கத்தும். "எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் நூல் மாதிரி வருது? நாங்க மனுஷங்க இல்லையா?" என்று இன்னொரு ஜன்னல். அவர் யாருக்கும் பதில் சொல்ல மாட்டார். தலையை ஒரு மாதிரி ஆட்டுவார். ஆமாம் என்கிறாரா, போங்கடி என்கிறாரா, அது அவருக்கும் அந்தக் கடவுளுக்கும்தான் தெரியும்.

தண்ணிக்காரர் என்றுதான் அவருக்குப் பெயர். புதிதாகக் குடிவருகிறவர்கள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டு, அவர் எதிரே வந்தால் ஒதுங்கிப் போவார்கள். பாவம், டீக்கு மேல் எதையும் தொடாத மனுஷன்.

நான் தையல்காரி. கீழே தெருவைப் பார்த்தமாதிரி என் கடை. கடைக்குப் பின்னால் என் அறை. எனக்கு மேலே மொட்டைமாடியில் ஒற்றை அறை ஒன்று, அதில் அவர். வீட்டுக்காரர் வேறு எங்கோ இருக்கிறார். ஆக, இந்தக் கட்டடத்துக்கு நாங்கள் இரண்டு பேர்தான். அவர் மேலே நடந்தால் என் தலைக்கு மேல் கேட்கும். ராத்திரி செருப்பைக் கழற்றிப் போடுகிற சத்தம்வரை கேட்கும். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் பல வருஷம் எங்களுக்குள் பேச்சென்று பெரிதாக ஒன்றும் இல்லை. "தண்ணி வந்துடுச்சா அண்ணே?" "வந்துடும்மா." அவ்வளவுதான்.

அவர் மனைவி போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு நடக்கக்கூடத் தெரியாது. காலையில் வேலைக்குப் போக வேண்டுமே, குழந்தையை யாரிடம் விடுவது? ஒரு தோளில் சாவி, இன்னொரு தோளில் தூங்குகிற பெண் என்றுதான் தெருத்தெருவாகப் போனாராம். பழைய ஆட்கள் சொல்வார்கள். குழந்தை விழித்துக்கொள்ளக் கூடாது என்று வால்வை மெதுவாகத் திருகுவாராம், அன்றைக்கெல்லாம் தண்ணீரும் மெதுவாகத்தான் வருமாம். அந்தப் பெண் படித்தது, பெரிய ஊரில் வேலை கிடைத்தது, அங்கேயே கல்யாணமும் ஆயிற்று. நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். வாரம் தவறாமல் போன் பண்ணும். ஆனால் இரண்டு பேருக்கும் பேச வராது. "சாப்பிட்டீங்களாப்பா?" "சாப்பிட்டேம்மா. நீ?" "சாப்பிட்டேன்." அதற்குப் பிறகு ஒரு அமைதி. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், அந்த அமைதிகூட எனக்குக் கீழே கேட்கும். "சரிப்பா, வெச்சுடட்டுமா?" "சரிம்மா." பிறகு அவர் கட்டிலில் உட்காருகிற சத்தம்.

இப்படி இருந்த மனுஷனுக்கு அந்தச் செடி எப்படிச் சேர்ந்தது என்று சொல்கிறேன்.

ஊர்த் தண்ணீரெல்லாம் ஏறி இறங்குகிற பெரிய தொட்டி ஒன்று இருக்கிறது, நான்கு தெரு தள்ளி. அதன் அடியில் கம்பிவேலி போட்ட காலி இடம். சரளைக்கல்லும் உடைந்த செங்கலும்தான் கிடக்கும், புல் முளைக்காது. ஆனால் ஒரு காட்டுச்செடி மட்டும் அங்கங்கே முளைத்துக் கிடக்கும். யாரும் விதைத்ததில்லை, யாரும் பார்த்ததுமில்லை. தலைக்கு மேலே அத்தனை தண்ணீர் நின்றாலும் ஒரு சொட்டுக்கு ஆசைப்படாத ஜாதி. வெயில் காலத்தில் குச்சியாகக் காய்ந்து கிடக்கும். ஒரு தூறல் விழுந்தால் போதும், இலை விட்டுவிடும். ஊதா நிறத்தில் பூக்கும். காலையில் விரிந்தால் மத்தியானத்துக்குள் கீழே உதிர்ந்துவிடும், அவ்வளவு அற்பாயுசு. பூ போன இடத்தில் குண்டூசி நீளத்துக்குக் காய் வரும். அது காய்ந்து பழுப்பானதும் அதன்மேல் ஈரம் பட்டால், ஒரு நொடி சும்மா இருந்துவிட்டு, பட்டென்று வெடித்து விதையைத் தூர எறியும். அதனால் வெடிக்காய்ச் செடி என்பார்கள்.

அவரும் அதை வருஷக்கணக்காக மிதித்துக்கொண்டு போனவர்தான். பேத்தி வந்த பிறகுதான் அது செடியாயிற்று.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் தன் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தாள். பாப்பாவுக்கு அப்போது பால் பல் விழ ஆரம்பித்திருந்தது. அது தாத்தாவை அதற்குமுன் போனில்தான் பார்த்திருந்தது. நேரில் கண்டதும் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. இவர் கூப்பிட்டால் வராது, பிஸ்கெட் நீட்டினால் வாங்காது. மனுஷன் முகம் தொங்கிப்போயிற்று. என் கடை வாசலில் வந்து நின்றுகொண்டு, "என்னைப் பாத்தா பயமா இருக்கோ தங்கச்சி?" என்றார். "ஷேவ் பண்ணிட்டுப் போய்ப் பாருங்க" என்றேன். பண்ணிக்கொண்டும் போனார். அப்போதும் வரவில்லை.

மறுநாள் மகளையும் பாப்பாவையும் தொட்டியைக் காட்ட அழைத்துப் போனார். அங்கே சும்மா ஒரு காய்ந்த காயைப் பறித்து, நாக்கு நுனியில் தொட்டு, உள்ளங்கையில் வைத்துப் பாப்பாவிடம் நீட்டினார். அது எட்டிப் பார்த்த நேரம் காய் பட்டென்று வெடித்தது. பாப்பா அலறியது. அப்புறம் சிரித்தது பாருங்கள், விழுந்த பல்லின் சந்தெல்லாம் தெரியச் சிரித்தது. அவ்வளவுதான், அன்றைக்கு ஒட்டிக்கொண்டது அவரை. ஊருக்குக் கிளம்புகிறவரை தாத்தாவும் பேத்தியும் சட்டைப்பை நிறையக் காயை வைத்துக்கொண்டு தெருவில் போகிறவர்கள் காலடியிலெல்லாம் வெடிக்க வைத்தார்கள். என் ஊசி டப்பாவுக்குள்கூட ஒன்றை எச்சில் பண்ணிப் போட்டது, போக்கிரி. நான் பயந்து கத்தியதற்கு இரண்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. கிளம்புகிற அன்று வண்டியில் ஏற மாட்டேன் என்று தாத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரே அழுகை.

வண்டி போனபிறகு அவர் மாடிக்குப் போகவில்லை. கடை வாசலிலேயே நின்றார்.

"எனக்காக அழுதுச்சும்மா," என்றார். "பாத்தியா நீ? எனக்காக."

பார்த்தேன் என்றேன். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். நானும் பார்த்தேன், பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த வருஷம் வால்வெல்லாம் தானாகவே திறந்து மூடுகிற மாதிரி மாற்றிவிட்டார்கள். அவருக்கும் ஓய்வு பெறுகிற வயது வந்திருந்தது, கையைக் குலுக்கி அனுப்பிவிட்டார்கள். இப்போது தண்ணீர் நேரத்துக்கு வருகிறது. யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை. ஆனால் அவர் விடியற்காலையில் எழுந்து தெருமுனைக் குழிக்குப் பக்கத்தில் போய் நிற்பார். உள்ளே மோட்டார் உறுமித் தானாகத் திறக்கும். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருவார். ஜன்னல்கள் மூடியே இருக்கும். ஒருநாள் எனக்கே பொறுக்காமல், "என்னண்ணே, இன்னிக்குத் தண்ணி லேட்டு!" என்று சும்மா ஒரு சத்தம் போட்டேன். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தொட்டியடியில் இருந்த காலி இடத்துக்கு சிமென்ட் தளம் போடப் போகிறார்கள் என்று காதில் விழுந்ததும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடப்பாரையும் பெயிண்ட் வாளிகளுமாக ஓடினார். இருந்த செடிகளை வேரோடு பெயர்த்துக்கொண்டு வந்து மொட்டைமாடியில் வரிசையாக வைத்தார். வாளி பற்றாமல், மாடி மூலையில் விரிசல் விட்டுக் கிடந்த சிமென்ட் தொட்டியில் கடைசிச் செடியை நட்டார். நான் துணி உலர்த்தப் போனவள் பார்த்துவிட்டு, "இதென்ன கூத்து அண்ணே?" என்றேன்.

"பாப்பா வரும்ல? வந்தா கேக்கும்ல?"

"கேட்டா வேற ஏதாவது விளையாட்டு காட்டுங்க."

"எனக்கு வேற என்ன தெரியும்?" என்றார். "இந்தக் காய் இல்லேன்னா அது எங்கிட்ட எதுக்கு வரும் தங்கச்சி? மறுபடியும் அவ அம்மா பின்னாடி போய் நின்னுக்கும்."

நான் துணியை உலர்த்திவிட்டு இறங்கினேன்.

ஆனால் அவர் செடி வளர்த்த லட்சணம் இருக்கிறதே! ஆயுசு முழுக்கத் தண்ணீர் திறந்துவிட்டே பழகிய கை. வாடுகிற எதைப் பார்த்தாலும் அந்தக் கைக்கு ஒன்றுதான் தோன்றும். காலையில் ஊற்றினார், சாயங்காலம் ஊற்றினார். இலை தொங்கினால் இன்னும் ஊற்றினார். வாளியெல்லாம் சேறு.

"அண்ணே, இதென்ன செடியா, மீனா? தண்ணிக்குள்ளயே விட்டிருக்கீங்க?"

"வாடுதும்மா."

"வாடினா வாடட்டும்! அங்க தொட்டியடியில யாரு ஊத்தினா இதுக்கு?"

காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாகப் போயிற்று. பிடுங்கிப் பார்த்தால், மண்ணுக்குள் விரல் தடிமனுக்குக் கிழங்கு. தனக்கு வேண்டியதைத் தானே சேர்த்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறது அந்தச் செடி. இவர் ஊற்றிய ஊற்றில் அத்தனை கிழங்கும் அழுகிக் கூழாகி நாற்றமடித்தது. தப்பியது சிமென்ட் தொட்டியில் இருந்த ஒன்று மட்டும். அதுவும் இவர் புண்ணியத்தால் இல்லை. விரிசல் வழியாகத் தண்ணீரெல்லாம் ஓடிவிட்டது, அதனால் பிழைத்தது.

அந்த ஒற்றைச் செடி பூத்துக் காயும் விட்டது. காய் பழுத்துக் காய்ந்து நிற்கிற நேரம், இந்த மனுஷன் தூசு படிந்திருக்கிறதே என்று ஒரு வாளித் தண்ணீரைத் தலையோடு ஊற்றினார். குளிப்பாட்டினாராம். நான் கீழே பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறேன், மேலே படபடவென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், வாளியைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். செடியில் ஒரு காய் இல்லை. விதைகளெல்லாம் மாடி முழுக்கச் சிதறி, ஈரத்தில் வழுவழுவென்று ஒட்டிக் கிடந்தன. அத்தனையும் வெறும் தளத்தில்.

எனக்கு வந்த கோபத்துக்கு, "உங்களுக்கு அறிவு கிறிவு இருக்கா?" என்று கேட்டே விட்டேன். வயதில் மூத்தவரை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவர் தலையை ஆட்டினார், வால்வு திருகும்போது ஆட்டுவாரே, அதே ஆட்டல்தான்.

சாயங்காலம் கடைக்கு வந்தார். மாடிக் குழாயின் திருகைக் கழற்றிக் கையில் கொண்டுவந்திருந்தார். என் தையல் மெஷின்மேல் வைத்தார்.

"இத நீயே வெச்சுக்க தங்கச்சி. என் கை சும்மா இருக்காது."

"ரூமுக்குள்ள ஒரு குழாய் இருக்கே, அத என்ன பண்ணுவீங்க?"

"உள்ளேருந்து தூக்கிட்டு வரணும்னா நடுவுல யோசிக்க நேரமிருக்கும்ல?" என்றார்.

திருகை என் பட்டன் டப்பாவில் போட்டு மூடினேன். எங்கள் சிநேகிதம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். வெயில் ஏற ஏற அவருக்கு இருப்புக்கொள்ளாது. வாசலில் வந்து நிற்பார். ஒன்றும் கேட்க மாட்டார், பட்டன் டப்பாவைப் பார்ப்பார். "தர மாட்டேன்" என்பேன். திரும்பிப் போவார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வருவார்.

நல்ல கோடையில் செடி இலையெல்லாம் கொட்டிவிட்டுக் குச்சியாக நின்றது. செத்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன், ஆனால் சொல்லவில்லை. அவர் தினமும் கட்டைவிரல் நகத்தால் தண்டைச் சுரண்டி, உள்ளே பச்சை தெரிகிறதா என்று பார்ப்பார். "தினம் தினம் இப்படிச் சுரண்டினா உசுரோட இருக்கறதும் செத்துப்போயிடும்" என்று எரிந்து விழுந்தேன். அதன்பிறகு சுரண்டவில்லை. ஆனால் வெயில் தாழ்ந்ததும் ஒரு ஸ்டூலைப் போட்டு அதற்கு எதிரே உட்கார்ந்துவிடுவார். ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தால்தான் தெரியும். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவர் அறைக்குள் ஒன்றிரண்டு முறை போயிருக்கிறேன். கட்டில், நாற்காலி, ஆணியில் இரண்டு சட்டை. மூலையில் அந்த இரும்புச் சாவி. யாருக்கும் வேண்டாம் என்று அவரே எடுத்து வந்துவிட்டார். அலமாரியில் டீ குடிக்க இரண்டு கோப்பை, ஒன்றில் டீ கறை, இன்னொன்று கடையில் வாங்கினபடியே பளபளவென்று இருந்தது.

நடுக்கோடையில் எங்கிருந்தோ ஒரு மழை தப்பி வந்து கொஞ்ச நேரம் பெய்துவிட்டுப் போயிற்று. அந்த வாரமே குச்சியில் பச்சை தெரிந்தது. அவர் படியில் தடதடவென்று இறங்கி வந்த வேகத்தைப் பார்த்து நான் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன். "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்றார். மகளே வந்துவிட்டாளோ என்று வெளியே எட்டிப் பார்த்தேன்.

மகளும் வருவதாகத்தான் இருந்தது. பள்ளியில் காலாண்டு லீவு விட்டதும் பாப்பாவை அழைத்துக்கொண்டு வருகிறேன் என்று போனில் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அறைக்கு வெள்ளையடித்தார். காயை நனைக்க என்று ஒரு சின்ன மஞ்சள் குவளை வாங்கி வந்தார். வாத்துப் படம் போட்ட துணி ஒன்றைக் கொண்டுவந்து, "சின்னத் தலையணைக்கு உறை தெச்சுக் குடும்மா" என்றார். ஓரத்தில் சுருக்கம் வைத்து, எனக்குத் தெரிந்த அழகெல்லாம் காட்டித் தைத்துக் கொடுத்தேன். அதைக் கட்டிலில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தால் கசங்கிவிடும் என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

செடியும் அந்தத் தடவை ஏமாற்றவில்லை. பூத்துப் பூத்துக் கொட்டியது. கொத்துக்கொத்தாகக் காய். காய் பழுப்பாக ஆரம்பித்ததும் வானமும் கறுக்க ஆரம்பித்தது. அவருக்கு வந்தது பாருங்கள் ஒரு கவலை! ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தவர், வானத்தை அண்ணாந்து பார்த்து, "வந்துடாத, இப்ப வந்துடாத" என்று கெஞ்சினார்.

"காயப் பறிச்சு டப்பாவுல போட்டு வெச்சுடுங்களேன்" என்றேன்.

"பாப்பாவே பறிக்கணும். அதுலதாம்மா விஷயமே இருக்கு."

அந்தச் சிமென்ட் தொட்டியை நகர்த்தலாம் என்றால் அது அசைகிற ஜாதியில்லை. ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடி வைத்தார். காலையில் பிரித்தால் உள்ளே வியர்த்து, ஓரமாக இருந்த காய்கள் வெடித்துக் கிடந்தன. அதன்பிறகு மேகம் கூடும்போதெல்லாம் அவரே குடையோடு போய்ச் செடிக்குப் பக்கத்தில் நின்றார். தூறல் விழும், குடையை விரித்துச் செடிமேல் பிடிப்பார். இவர் நனைவார். தெருவில் போகிற ஒருத்தி அண்ணாந்து பார்த்துவிட்டு என் கடைக்கு வந்து, "தண்ணிக்காரருக்கு மறை கழண்டுடுச்சா?" என்றாள். "உன் வேலையப் பாத்துட்டுப் போ" என்றேன். அவள் கொடுத்திருந்த சட்டையை வேண்டுமென்றே ஒரு வாரம் தள்ளித் தைத்தேன்.

மகளும் பாப்பாவும் ஊரிலிருந்து கிளம்ப வேண்டிய வாரம் வந்தது. அன்று மத்தியானம் நல்ல மழை பிடித்துக்கொண்டது. உலரப் போட்ட துணியை எடுக்க மாடிக்கு ஓடினேன். அவர் வழக்கம்போலக் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சட்டை உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது. காயெல்லாம் காய்ந்து, கை பட்டால் போதும் என்கிற பக்குவத்தில் இருக்கின்றன. நான் துணியை வாரிக்கொண்டு அவர் அறை வாசலில் ஒதுங்கினேன். அப்போதுதான் அவர் பையில் போன் அடித்தது. ஒரு கையில் குடை, மறு கையால் போனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டார்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேம்மா. எப்ப ஏறுறீங்க?"

அந்தப் பக்கம் மகள் தொண்டையைச் செருமினாள். நான் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"இல்லப்பா... இந்தத் தடவை முடியாது போல. பாப்பாவ நீச்சல் வகுப்புல சேத்திருக்கோம், லீவு முழுக்க இருக்கு. எனக்கும் ஆபீஸ்ல விட மாட்டேங்கறாங்க. அடுத்த லீவுக்குக் கண்டிப்பா வரோம்ப்பா. கோச்சுக்காதீங்க."

"சேச்சே, அதனால என்னம்மா," என்றார். "படிப்புதானே முக்கியம். நீச்சலும் படிப்புதானே." குடையைச் செடிப்பக்கம் சரித்துப் பிடித்தார். "பாப்பாகிட்ட குடேன்."

பாப்பா வந்தது. "ஹாய் தாத்தா."

"பாப்பா, வெடிக்காய் நிறையக் காச்சிருக்கு! கொத்துக்கொத்தா! தாத்தா உனக்காக ஒண்ணக்கூடப் பறிக்காம வெச்சிருக்கேன்."

"எந்தக் காய் தாத்தா?"

"வெடிக்காய்டா. எச்சி தொட்டு வெச்சா வெடிக்குமே. நீ தையல்காரம்மா டப்பாவுல போட்டியே."

"எனக்கு ஞாபகம் இல்லையே" என்றது பாப்பா.

அதன்மேல் குற்றமில்லை. குழந்தை, எத்தனையைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும்? ஆனாலும் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை.

"இரு, இரு, வெச்சுடாத," என்றார் அவசரமாக. "தாத்தா இப்பக் கேக்க வெக்கிறேன். கேட்டா ஞாபகம் வந்துடும்." என்னைப் பார்த்து, "தங்கச்சி, இதப் பிடி. காய்க்குக் கிட்டத்துல பிடி" என்று போனை நீட்டினார்.

மழையில் இறங்கி வாங்கினேன். அவர் இரண்டு கையாலும் குடையை மடக்கினார். இத்தனை வாரம் நனைந்து நனைந்து காத்த குடையை அப்படியே மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மழை நேராகச் செடியின் தலையில் இறங்கியது.

ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு ஒன்று பட்டென்றது. அப்புறம் அந்தப் பக்கம் ஒன்று. அப்புறம் நிறுத்தாமல் படபடவென்று செடி முழுக்க வெடித்தது. என் முழங்கையில் ஒரு விதை சுள்ளென்று வந்து அடித்தது. மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நான் குனிந்து போனைச் செடிக்குக் கிட்டத்தில் கொண்டுபோனேன். அப்போதுதான் திரையைப் பார்த்தேன். அணைந்திருந்தது. அவர்கள் எப்போதோ வைத்துவிட்டார்கள்.

"கேக்குதா பாப்பா?" என்று அவர் மழைக்குமேல் கத்தினார். "கேக்குதா?"

போனிலிருந்து எப்படிப் பதில் வரும்? அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் மழைத்தண்ணீர் வழிய, சிரித்த முகமாகப் பார்த்தார்.

"கேக்குது அண்ணே" என்றேன். நான் பொய் சொல்லவில்லை, எனக்குக் கேட்டது.

"சிரிக்குதா?" என்றார்.

அணைந்துபோன போனைச் செடிக்குப் பக்கத்தில் பிடித்தபடியே நின்றேன்.